கட்டடங்கள் பேசும் மொழியும் அதன் காவலும்

முன்னுரை

பேசுவோன் ஒருவன், கேட்போன் ஒருவன், இருவருக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று. இம்மூன்றும் கூடினால் மொழி அமைந்துவிடும். இவ்வரையறையை ஏற்றுக்கொண்டால், இன்றைய பெருங்கட்டடங்களின் சுவர்களுக்குள்ளும் ஒரு மொழி இரவும் பகலும் பேசப்பட்டு வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அறையின் வெப்பநிலையை ஒரு கருவி கூறுகிறது. மற்றொரு கருவி அதனைக் கேட்டுக் குளிர்நீர்க் குழாயின் வால்வைத் திறக்கிறது. தீ மூண்டதென ஒரு கருவி அறிவிக்கிறது. புகையை வெளியேற்றும் மின்விசிறி உடனே சுழலத் தொடங்குகிறது. இவ்வுரையாடலுக்கு அடிப்படையான விதிகளின் தொகுப்பையே 'நெறிமுறை' என்று அறிவியல் தமிழ் வழங்குகிறது.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இப்பொருளுக்கு இடம் உண்டா என்று சிலர் வினவக்கூடும். இரண்டு காரணங்களால் உண்டு எனலாம். ஒன்று, இதன் உள்ளீடான சிக்கல் மொழியைச் சார்ந்தது. ஒரு கட்டளை இலக்கண வழுவின்றி அமைந்திருப்பதும், அதனை இட்டவர் அதற்கு உரியவராக இருப்பதும் வேறு வேறு என்பதே அச்சிக்கல். மற்றொன்று, நம் மாணவர் பலர் பட்டம் பெற்றபின் உள்நாட்டுப் பெருநகரங்களிலும் வளைகுடா நாடுகளிலும் மருத்துவமனை, விடுதி, வணிக வளாகம் ஆகியவற்றின் பராமரிப்பிலும் நிர்வாகத்திலும் பணியேற்கின்றனர். தாம் காக்கும் கட்டடத்தின் மொழியைத் தம் தாய்மொழியில் ஒருமுறையேனும் அவர்கள் கற்றிருத்தல் நலம்.

இக்கட்டுரை, கட்டடத் தன்னியக்க நெறிமுறைகள் தோன்றிய வரலாறு, அவை காவலின்றிப் பிறந்த காரணம், அதனால் நேர்ந்தவை, பின்னர் அமைக்கப்பட்ட காவல், இன்னும் எஞ்சியிருக்கும் குறைகள் ஆகியவற்றை முறையே ஆராய முற்படுகிறது.

1. கட்டடத் தன்னியக்கம்

பெருங்கட்டடம் ஒன்றின் தன்னியக்க அமைப்பினை மூன்று அடுக்குகளாகப் பகுத்துக் காணலாம். அடியடுக்கில் களக் கருவிகள் உள்ளன. வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், புகை முதலியவற்றை அறியும் உணரிகளும், வால்வு, டேம்பர், மின்விசிறி, பம்பு முதலிய இயங்கு உறுப்புகளும் இவற்றுள் அடங்கும். நடுவடுக்கில் கன்ட்ரோலர் எனப்படும் சிறு கணினிகள் உள்ளன. உணரி சொல்வதைக் கேட்டு, இயங்கு உறுப்புக்கு ஆணையிடுவது இவற்றின் தொழில். மேலடுக்கில் மேலாண்மைக் கணினி உள்ளது. ஆபரேட்டர் ஒருவர் பி.எம்.எஸ். அறையில் அமர்ந்து கட்டடம் முழுவதையும் இதன் திரையில் காண்பார். வேண்டுமிடத்து ஆணையும் இடுவார்.

வசதிக்காக மட்டும் ஏற்பட்ட அமைப்பு இது என்று எண்ணுதல் தவறு. அறுவை அரங்கில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று மிகுதியாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் வெளிக்காற்று மாசுடன் உள்ளே புகாது. காற்றினால் பரவும் தொற்றுநோயாளரைத் தனிமைப்படுத்தும் அறையிலோ அழுத்தம் குறைவாக இருத்தல் வேண்டும்; அப்போதுதான் நோய்க்கிருமி வெளியே பரவாது. உயர்ந்த கட்டடத்தில் தீ மூண்டால் மாடிப்படிக் கூண்டினுள் காற்றை அழுத்திச் செலுத்திப் புகை நுழையாமல் தடுத்தாக வேண்டும். இவை அனைத்தும் ஒரு மின்விசிறி உரிய நேரத்தில் உரிய வேகத்தில் சுழல்வதைப் பொறுத்தவை. ஆகவே அவ்விசிறிக்குச் செல்லும் ஆணை யாரிடமிருந்து வருகிறது என்னும் வினா உயிர் தொடர்பான வினாவாகும்.

2. நெறிமுறைகளின் தோற்றம்

தொடக்கத்தில் ஒவ்வொரு உற்பத்தியாளரும் தமக்கென ஒரு தனிமொழியை வைத்திருந்தனர். ஒருவர் செய்த கன்ட்ரோலர் மற்றொருவர் செய்த கணினியுடன் பேசாது. கட்டட உரிமையாளர் முதலில் யாரிடம் வாங்கினாரோ அவரிடமே காலமெல்லாம் கட்டுண்டு கிடந்தார். விரிவாக்கம் செய்யினும் பழுது பார்க்கினும் அவர் சொன்னதே விலை.

இந்நிலையை மாற்றவே பொதுமொழிகள் எழுந்தன. தொழிற்சாலைக் கருவிகளுக்கென 1979ஆம் ஆண்டில் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் காலத்தால் முந்தியது. கட்டடங்களிலும் மின்அளவி, குளிர்விப்பு எந்திரம் முதலியவற்றில் இன்றும் வழங்கி வருவது. அமெரிக்காவில் வெப்பமூட்டல், குளிரூட்டல் துறைப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, 1987ஆம் ஆண்டு நாஷ்வில் நகரில் ஒரு குழுவைக் கூட்டியது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைக்கேல் நியூமன் அதற்குத் தலைமை தாங்கினார். அக்குழுவின் உழைப்பு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1995இல், பேக்நெட் என்னும் தரநூலாக வெளிவந்தது. 2003இல் அது பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பெற்றது. ஐரோப்பாவிலோ 1990களில் வழங்கிய இ.ஐ.பி., பாட்டிபஸ், இ.எச்.எஸ். என்னும் மூன்று மொழிகள் ஒன்றுகூடிக் கே.என்.எக்ஸ். என்னும் மொழியாயின. விளக்கு, திரைச்சீலை, அறைவெப்பம் ஆகியவற்றை ஆள்வதில் இது பெரிதும் பயன்படுகிறது.

இம்மொழிகளை வகுத்தோர் பெருந்தொண்டு ஆற்றினர் என்பதில் ஐயமில்லை. உரிமையாளரை விடுவித்தல், வெவ்வேறு கருவிகளை ஒன்றோடொன்று பேசவைத்தல் என்பனவே அவர்தம் நோக்கம். அந்நோக்கம் இனிது நிறைவேறியது. யாரும் யாருடனும் பேசலாம் என்னும் இதே சிறப்புதான் பின்னாளில் குறையாகவும் முடிந்தது.

3. பேக்நெட்டின் இலக்கணம்

சிக்கலைத் தெளிவுற உணர, பேக்நெட்டின் இலக்கணத்தைச் சிறிதளவேனும் அறிதல் இன்றியமையாதது.

பேக்நெட்டில் உலகம் பொருள்களாகவும் அவற்றின் பண்புகளாகவும் பகுக்கப்பட்டுள்ளது. ஓர் உணரி ஒரு பொருள். 'இப்போதைய மதிப்பு' அதன் பண்புகளுள் ஒன்று. பெயர், அலகு, நிலை ஆகியன பிற பண்புகள். பெயர்ச்சொல்லும் பண்பும் அமைந்தபின் வினை வேண்டும் அன்றோ? படித்தல், எழுதுதல் என்னும் இரண்டு வினைகளே இம்மொழியில் தலையாயவை. படித்தல் என்பது வினா. எழுதுதல் என்பது ஏவல்.

ஒரு கருவி புதிதாக வலையமைப்பில் இணையும்போது, 'யார் உள்ளீர்?' என்று பொதுவாகக் கூவும் செய்தி ஒன்றை விடுக்கலாம். அதனைக் கேட்ட கருவிகள், 'நான் உள்ளேன்' என்று தத்தம் எண்ணுடன் விடையிறுக்கும். பின்னர், 'உன்னிடம் உள்ள பொருள்கள் யாவை?' என்று வினவினால் முழுப் பட்டியலும் கிடைக்கும். கட்டடத்தை அமைக்கும் பொறியாளருக்கு இஃது எத்துணை எளிமை! ஆனால் வினவியவர் பொறியாளரா, அயலாரா என்று கருவி கேட்பதில்லை.

ஏவலிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே மின்விசிறிக்குக் கால அட்டவணை ஓர் ஆணையும், ஆபரேட்டர் ஓர் ஆணையும், தீயணைப்பு அமைப்பு ஓர் ஆணையும் இடக்கூடும். எதனை ஏற்பது? இதற்கென 16 படிகள் கொண்ட முன்னுரிமை வரிசை வகுக்கப்பட்டுள்ளது. முதற்படி, உயிர்காப்பின் பொருட்டு மனிதர் கையால் இடும் ஆணை. இரண்டாம் படி, உயிர்காப்பின் பொருட்டுக் கருவி தானே இடும் ஆணை. எட்டாம் படி, ஆபரேட்டர் வழக்கமாக இடும் ஆணை. மேற்படியில் உள்ள ஆணை விலக்கிக்கொள்ளப்படும் வரையில் கீழ்ப்படியில் உள்ளவை செல்லா. மிகச் சீரிய ஏற்பாடு இது. ஆயின், தன் ஆணை எப்படியைச் சார்ந்தது என்பதை எழுதுபவரே குறித்துக்கொள்கிறார். அடிப்படைப் பேக்நெட்டில் அதனைச் சரிபார்க்கும் வழி இல்லை. அயலான் ஒருவன், 'இது முதற்படி ஆணை' என்று எழுதி மின்விசிறியை நிறுத்திவிட்டால், தீயணைப்பு அமைப்பு இரண்டாம் படியில் இடும் ஆணையும் பயனற்றுப் போகும்.

கருவியை மறுதொடக்கம் செய்தல், பேசவிடாமல் நிறுத்துதல் போன்ற சில ஏவல்களுக்கு மட்டும் கடவுச்சொல் வைக்க இடமுண்டு. அதுவும் கட்டாயமன்று, வைத்தாலும் மறைப்பின்றி வெளிப்படையாகவே கம்பியில் செல்லும். தெருவில் உரக்கக் கூவிச் சொல்லும் மறைமொழி எத்தகைய மறைமொழி?

4. வழுவின்மையும் வாய்மையும்

பழைய நெறிமுறைகளில் சரிபார்ப்பே இல்லை என்று கூறலாகாது. கே.என்.எக்ஸ். கம்பியில் செல்லும் ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. மின் இரைச்சலால் செய்தியின் ஓர் எழுத்துச் சிதைந்தாலும் அவ்வெண் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அஃது எழுத்துப்பிழை காணும் கருவியே ஆகும். பொய்யான ஆணையைப் பிழையின்றி எழுதி, அதற்குரிய எண்ணையும் கணக்கிட்டு ஒருவர் அனுப்பினால், செய்தி முறையாகவே ஏற்கப்படும். வழுவின்மை வேறு, வாய்மை வேறு.

இவ்வேறுபாட்டை நம் மாணவர்க்குச் சிலப்பதிகாரத்தைக் கொண்டே விளக்கலாம். பொற்கொல்லன் அரசனிடம் கூறிய செய்தி கேட்பதற்கு ஒழுங்காகவே இருந்தது. காணாமற்போன சிலம்பும் கோவலன் கையிலிருந்த சிலம்பும் புறத்தோற்றத்தில் ஒத்திருந்தன. செய்தி சொன்னவன் தகுதியையும் சிலம்பின் உள்ளீட்டையும் ஆராயாமல் ஆணை பிறந்தது. காவலரும் அதனை நிறைவேற்றினர். முத்தா மாணிக்கமா என்பது சிலம்பை உடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. செய்தியின் புறவடிவை மட்டும் பார்த்து ஏற்கும் எந்த அமைப்புக்கும் இப்பாடம் பொருந்தும்.

செய்திக் காவலில் அறிஞர் நான்கு கூறுகளை எண்ணுவர். செய்தி பிறர் கண்ணில் படாதிருத்தல் மறைவு. இடையில் மாற்றப்படாதிருத்தல் முழுமை. அனுப்பியவர் உண்மையிலேயே அவர்தாம் என்று உறுதிப்படுதல் மெய்ப்பிப்பு. வேண்டியபோது அமைப்பு இயங்குதல் கிடைப்பு. வங்கிக் கணக்குக்கு மறைவு தலையாயது. கட்டடத்திற்கோ மெய்ப்பிப்பும் கிடைப்பும் தலையாயவை. அறையின் வெப்பநிலை 24 பாகை என்பது மறைபொருளன்று. அதனை 40 பாகையாக மாற்ற யாருக்கு உரிமை என்பதே வினா.

இவற்றோடு நோக்கத்தக்கது மறு ஒலிபரப்பு என்னும் சூழ்ச்சி. கதவைத் திறக்கும் ஆணை கம்பியில் செல்லும்போது ஒருவன் அதனைப் பதிவு செய்துகொள்கிறான். மறுநாள் அதனையே மீண்டும் அனுப்புகிறான். ஆணையின் பொருள் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏன், அது மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் கவலையில்லை. ஆகவே, ஒவ்வொரு செய்தியும் முன்னர் வந்ததன்று என்று காட்டும் வரிசை எண்ணும் காவலின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

5. காவலின்மைக்குக் காரணம்

இத்துணைக் குறைகளை அறிஞர்கள் ஏன் விட்டுவைத்தனர்? அவர்களை எளிதில் குறைகூறுதல் முறையன்று. அன்றைய கட்டடக் கம்பி தனித்த கம்பி. அது கட்டடத்தைவிட்டு வெளியே செல்லவில்லை. கம்பியைத் தொட வேண்டுமாயின் கட்டடத்தினுள் நுழைந்து, பூட்டிய அறையைத் திறக்க வேண்டும். அறைக்கதவே அன்றைய காவல். மேலும் கருவிகள் மிகச் சிறியவை. கே.என்.எக்ஸ். கம்பியின் வேகம் நொடிக்கு 9600 பிட்டுகளே. மறையாக்கக் கணக்குகளைச் செய்யும் ஆற்றலோ நினைவகமோ அக்கருவிகளிடம் அன்று இல்லை.

சூழல் மாறியதுதான் சிக்கலின் தொடக்கம். 1999இல் பேக்நெட் இணைய நெறிமுறையின் மீது செல்லத் தொடங்கியது. அதற்கென 47808 என்னும் வாயில் எண் குறிக்கப்பட்டது. பதினாறடிமான எண்முறையில் இவ்வெண்ணை எழுதினால் 'பி ஏ சி பூஜ்யம்' என்று வரும். மொழியை வகுத்தோரின் சிறு சொல்விளையாட்டு அது. இதனால் கட்டடக் கருவிகள் அலுவலகக் கணினிகளின் வலையமைப்பிலேயே குடியேறின. தொலைவிலிருந்து பழுது பார்க்கும் வசதிக்காக ஒப்பந்ததாரர்கள் அவற்றை இணையத்துடனும் இணைத்தனர். அறைக்கதவு பூட்டியபடியே இருந்தது. சுவர்தான் இல்லாமற் போயிற்று. 2009இல் தோன்றிய ஷோடான் என்னும் தேடுதளம், இணையத்தில் திறந்துகிடக்கும் கருவிகளைப் பட்டியலிட்டுக் காட்டத் தொடங்கியபின், இத்தகைய கட்டடங்களைத் தேடிக் கண்டுபிடித்தல் எளிதாயிற்று.

6. நிகழ்ந்தவை சில

இவை வெறும் கற்பனை அச்சங்கள் அல்ல என்பதற்குச் சில நிகழ்ச்சிகளைச் சான்றாகக் காட்டலாம்.

2009ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லஸ் நகரில், மருத்துவமனைக் கட்டடம் ஒன்றின் இரவுக் காவலரே அதன் குளிரூட்டல் கணினிக்குள் ஊடுருவினார். வெப்பம் மிகுந்த கோடைக்காலம் அது. அவர் கைது செய்யப்பட்டு, 2011இல் ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. உள்ளே இருப்பவரை எல்லாம் நம்பிவிடும் அமைப்பு எத்துணை வலுவற்றது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

2013இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கூகுள் நிறுவனம் இயங்கிய கட்டடத்தின் மேலாண்மை அமைப்பினுள் காவலாய்வாளர் இருவர் நுழைந்து காட்டினர். பயன்படுத்தப்பட்ட மென்பொருளின் குறை முன்னரே அறியப்பட்டது, திருத்தமும் வெளியாகியிருந்தது. அங்கு அது நிறுவப்படவில்லை. கணினித் துறையின் முன்னணி நிறுவனமே எனினும், கட்டடத்தின் கணினியைத் தன் கணினிகளுள் ஒன்றாக எண்ணிக் காக்கும் பழக்கம் அன்று எங்கும் வேரூன்றவில்லை.

2014இல் ஹெசூஸ் மோலினா என்னும் ஆய்வாளர், சீனத்தின் ஷென்சென் நகரில் தாம் தங்கிய சொகுசு விடுதியைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார. விருந்தினர்க்கு விளக்கையும் திரைச்சீலையையும் இயக்க ஐபேடு வழங்கப்பட்டது. அது கே.என்.எக்ஸ். மொழியில் பேசியது, விருந்தினர்க்கான கம்பியில்லா வலையமைப்பையே பயன்படுத்தியது. ஓர் அறையின் முகவரியைக் கொண்டு பிற அறைகளின் முகவரிகளை உய்த்துணர முடிந்தது. விளைவு, இருநூறுக்கும் மேற்பட்ட அறைகளை ஓர் அறையில் இருந்தபடியே ஆள இயலும் என்பது தெளிவாயிற்று. அவர் விடுதி நிர்வாகத்திற்கு அதனை அறிவித்தார்.

2016ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் பின்லாந்தின் லாப்பேன்ராந்தா நகரில் இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வெப்பமூட்டல் நின்றது. யாரும் உள்ளே நுழைந்து ஆணையிடவில்லை. இணையத்திலிருந்து செய்திகள் வெள்ளமெனப் பாய்ந்தன. அதைத் தாங்காத கன்ட்ரோலர் மறுதொடக்கம் செய்துகொண்டது. தொடங்கியதும் மீண்டும் அதே வெள்ளம். இவ்வாறு அது தொடங்குவதிலேயே காலம் கழித்து, வீட்டைச் சூடாக்கும் தன் தொழிலை மறந்தது. கிடைப்பு என்னும் கூறு குலைந்தமைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டா.

2021இல் ஜெர்மனியில் நிகழ்ந்தது மிகவும் சிந்திக்கத்தக்கது. ஓர் அலுவலகக் கட்டடத்தின் கே.என்.எக்ஸ். கருவிகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒருநாள் செயலற்றுப்போயின. இணையத்தில் திறந்துகிடந்த வாயில் வழியே நுழைந்தவர்கள், கருவிகளின் நிரல்களை அழித்து, அவற்றைக் கடவுச்சாவி இட்டுப் பூட்டிவிட்டனர். விளக்கேற்றக்கூட மின்பலகைக்குச் சென்று சுவிட்சைக் கையால் இயக்க வேண்டியதாயிற்று. அந்தக் கடவுச்சாவி, கருவிகளைக் காப்பதற்கென்றே நெறிமுறை வழங்கியிருந்த வசதி. கட்டடத்தை அமைத்தோர் அதனைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தனர், வந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டனர். உரிமையாளர் பூட்டாத வீட்டைத் திருடன் உள்ளிருந்து பூட்டிக்கொண்டது போன்றது இது. ஆஸ்திரியாவைச் சார்ந்த லைம்ஸ் என்னும் காவலாய்வு நிறுவனத்தார் கருவியின் நினைவகத்தை ஆராய்ந்து சாவியைக் கண்டறிந்து மீட்டனர். 2023இல் அமெரிக்க அரசின் இணையக் காவல் முகமையான சிசா, இக்கடவுச்சாவி தொடர்பான எச்சரிக்கையை முறைப்படி வெளியிட்டது.

இங்கு ஒரு தவறான கருத்தையும் களைதல் தகும். 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்கெட் அங்காடி நிறுவனத்தில் நான்கு கோடி வங்கி அட்டைகளின் விவரம் களவுபோயிற்று. குளிரூட்டும் எந்திரத்தின் வழியே திருடர் நுழைந்தனர் என்று இதனைப் பலர் எழுதுவர். உண்மையில், குளிர்சாதன ஒப்பந்ததாரருக்குக் கணக்கு அனுப்பும் பணி முதலியவற்றிற்கென வழங்கப்பட்டிருந்த நுழைவுரிமையே களவாடப்பட்டது. எனவே இது கட்டட நெறிமுறையின் குறையன்று. ஒப்பந்ததாரர்க்கு வழங்கும் உரிமையை வரம்பிட்டுக் காவாமையின் குறை. இரண்டையும் பிரித்தறிந்தால்தான் உரிய மருந்தைத் தேட இயலும்.

7. காவல் தேடிய வரலாறு

பேக்நெட்டை வகுத்தோர் காவலை அறவே மறந்துவிடவில்லை. 1995 பதிப்பிலேயே அதற்கென ஓர் இயல் இருந்தது. டி.இ.எஸ். என்னும் மறையாக்க முறையை அது பரிந்துரைத்தது. அதன் சாவி 56 பிட்டுகளே கொண்டது. 1998இல் அமெரிக்காவின் ஒரு தன்னார்வ அமைப்பு தனியெந்திரம் ஒன்றை உருவாக்கி, அத்தகைய சாவியை மூன்று நாள்களுக்குள் கண்டுபிடித்துக் காட்டியது. பின்னர் 2010இல் வலிமை மிக்க ஏ.இ.எஸ். முறையைக் கொண்டு அவ்வியல் திருத்தி எழுதப்பட்டது. எனினும் சந்தைக்கு வந்த கருவிகள் அதனைப் பின்பற்றவில்லை. நூலில் இருக்கும் சட்டம் வழக்கில் வாராவிடின் பயன் என்ன?

2019இல் வெளிவந்த 'பேக்நெட் செக்யூர் கனெக்ட்' வேறு வழியைத் தேர்ந்தது. தனக்கெனப் புதிய மறையாக்கத்தைப் படைக்காமல், வங்கிகளும் வணிகத் தளங்களும் இணையத்தில் கையாளும் டி.எல்.எஸ். முறையை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மின்சான்றிதழ் வழங்கப்படும். நம்பிக்கைக்குரிய ஒரு தலைமைச் சான்றாளர் அதில் ஒப்பமிட்டிருப்பார். இரு கருவிகள் பேசத் தொடங்குமுன் ஒன்று மற்றொன்றின் சான்றிதழைச் சரிபார்க்கும்.

வங்கித்தளத்தை நாம் திறக்கும்போது பெரும்பாலும் தளம் மட்டுமே தன் சான்றிதழைக் காட்டும். இங்கோ இருவரும் காட்ட வேண்டும். கம்பராமாயணத்தில் அனுமன் கணையாழியைக் காட்டித் தான் இராமன் தூதன் என்பதை மெய்ப்பிக்கிறான். சீதையும் சூடாமணியைக் கொடுத்தனுப்பித் தன்னைக் கண்டதற்குச் சான்று தருகிறாள். அசோகவனத்தில் மாற்றுருக் கொள்ளும் அரக்கரிடையே வெறும் சொல்லை நம்ப வழியில்லை. ஆதலின் இருபுறமும் அடையாளம் வேண்டியதாயிற்று. யார் யாரென அறியவியலாத இணையத்திலும் நிலை அதுவே.

கே.என்.எக்ஸ். மொழிக்கும் இத்தகைய இரட்டைக் காவல் பின்னர் வகுக்கப்பட்டது. 'ஐ.பி. செக்யூர்' இணைய வழியைக் காக்கிறது. 'டேட்டா செக்யூர்' கருவிக்கும் கருவிக்கும் இடையே செல்லும் செய்தியையே காக்கிறது. 128 பிட் ஏ.இ.எஸ். சாவியால் செய்தி மறைக்கப்பட்டு மெய்ப்பிக்கப்படுகிறது. வரிசை எண்ணும் சேர்ந்திருப்பதால் மறு ஒலிபரப்புச் சூழ்ச்சியும் செல்லாது.

8. எஞ்சும் சிக்கல்கள்

மருந்து கிடைத்ததனாலேயே நோய் தீர்ந்துவிடாது. இன்றும் எஞ்சும் சிக்கல்கள் மூன்று.

முதலாவது, கட்டடத்தின் ஆயுள். கைப்பேசியைச் சில ஆண்டுகளில் மாற்றுகிறோம். கன்ட்ரோலரையோ பதினைந்து, இருபது ஆண்டுகள் மாற்றுவதில்லை. பழைய கருவிகள் புதிய காவல்மொழியைப் பேச இயலாதவை. ஆதலால் புதியதற்கும் பழையதற்கும் இடையே மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றை வைக்கின்றனர். அதற்கு இப்பால் காவல் உண்டு. அப்பால் பழைய திறந்தவெளியே.

இரண்டாவது, அடையாளமும் அதிகாரமும் ஒன்றல்ல என்பது. 2019இல் வந்த சான்றிதழ் முறை, 'இவர் இக்கூட்டத்தைச் சார்ந்தவர்' என்று உறுதி கூறும். 'இவர் இப்பொருளை மாற்றலாம், அப்பொருளை மாற்றலாகாது' என்று ஒவ்வோர் ஆணைக்கும் வரம்பிடுதல் அதனினும் வேறான பணி. உள்ளே வந்துவிட்ட ஒருவர் எல்லாவற்றையும் செய்யலாம் என்னும் நிலை நீடிக்குமாயின், டல்லஸ் நகர நிகழ்ச்சி மீண்டும் நேரலாம்.

மூன்றாவது, சாவியைப் பேணுதல். மின்சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. புதுப்பிக்க மறந்தால் கருவிகள் ஒன்றையொன்று நம்ப மறுக்கும். பகைவர் இல்லாமலே கட்டடம் ஊமையாகும். கே.என்.எக்ஸ். செக்யூர் கருவிகளில் தொடக்கச் சாவி ஒரு சீட்டில் ஒட்டப்பட்டு வருகிறது. அச்சீட்டைத் தொலைத்தாலும் இடர். கருவியிலேயே ஒட்டி வைத்து எவரும் காண விட்டாலும் இடர். ஆக, கணக்கியல் அறிஞர் அமைத்த காவல் இறுதியில் அலுவலகக் கோப்பைப் பேணும் எழுத்தரின் கவனத்தில் வந்து நிற்கிறது.

9. பொறுப்பாளர் செய்யத்தக்கவை

கட்டடப் பொறுப்பினை ஏற்போர், பொறியியல் பட்டம் பெறாதவராயினும், கீழ்வருவனவற்றைக் கேட்டறிதலும் செய்வித்தலும் கடமையாகும்.

அ) கட்டடத்தில் எத்தனைக் கன்ட்ரோலர்கள் உள்ளன, அவை எம்மொழி பேசுகின்றன, யார் அமைத்தவை என்னும் பட்டியல் ஒன்று வேண்டும். இருப்பது தெரியாமல் காத்தல் இயலாது.

ஆ) எந்தக் கருவியும் இணையத்திற்கு நேரே திறந்திருத்தலாகாது. தொலைவிலிருந்து பழுது பார்ப்பது இன்றியமையாததாயின், வி.பி.என். போன்ற காவலுள்ள வழியில் மட்டும், பணி நடக்கும் பொழுதுக்கு மட்டும் திறத்தல் வேண்டும்.

இ) கட்டடக் கருவிகளின் வலையமைப்பு, அலுவலகக் கணினிகளிலிருந்தும் விருந்தினர் பயன்படுத்தும் வலையமைப்பிலிருந்தும் பிரிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

ஈ) கருவியுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல் வேண்டும். நெறிமுறை வழங்கும் பூட்டு எதையும் பூட்டாமல் விடலாகாது.

உ) ஒப்பந்ததாரர் பணி முடித்துச் செல்லும்போது நிரல்களின் படியையும் சாவிகளையும் உரிமையாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுதல் நலம். அவருக்கு வழங்கிய நுழைவுரிமையை அன்றே நீக்குதலும் வேண்டும்.

ஊ) கணினி முழுதும் செயலற்றாலும் விசிறியையும் பம்பையும் கையால் இயக்கும் வழி இருத்தல் வேண்டும், அவ்வழியைப் பணியாளர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பயின்று பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கட்டடத் தன்னியக்க நெறிமுறைகள், ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியவேண்டும் என்னும் நல்ல நோக்கத்துடன் பிறந்தவை. சுவர் காக்கும் என்று நம்பியதால் அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கற்கவில்லை. இணையம் சுவரைக் கரைத்தபின் அக்குறை வெளிப்பட்டது. இன்று காவல்மொழிகள் உள்ளன; எனினும் அவற்றை வாங்கி, அமைத்து, பேணும் பொறுப்பு மனிதருடையது.

கட்டளையை நிறைவேற்றுவதில் எந்திரத்திற்கு இணை இல்லை. கட்டளை இட்டவரின் தகுதியை ஆராயும் அறிவை மட்டும் நாமே அதற்கு ஊட்டியாக வேண்டும். அறுவை அரங்கில் படுத்திருக்கும் நோயாளி, தம் தலைக்கு மேல் சுழலும் விசிறி யார் சொல்லைக் கேட்கிறது என்று அறியமாட்டார். அதனை அறிந்திருக்க வேண்டியவர் கட்டடத்தின் பொறுப்பாளர். நாளை அப்பொறுப்பினை ஏற்கவிருக்கும் மாணவர்கள், 'இவ்வாணையை இட்டவர் யார்?' என்று கேட்கும் வழக்கத்தை இன்றே மேற்கொள்வார்களாக.